டேங்க்குக்குள் ஓர் உள்ளுறை

புதுச்சேரி பெட்ரோல் பங்க்கில் நிற்கும் வரிசையைப் பார்த்தாலே சுற்றுவட்டாரத்தின் வரைபடம் தெரிந்துவிடும். விழுப்புரத்து வண்டி, கடலூர் வண்டி, திண்டிவனத்து வண்டி என்று எல்லா ஊர்ப் பதிவெண்களும் அங்கே நிற்கும். தமிழ்நாட்டைவிட இங்கே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. கடற்கரை பார்க்க வந்தவர்கள்கூட, திரும்பும்போது டேங்க்கை முட்ட நிரப்பிக்கொண்டுதான் எல்லை தாண்டுவார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையில், ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டிருந்த என் தங்கை மகன், பம்பில் ஒட்டியிருந்த ‘இ20’ என்ற எழுத்தைக் காட்டி, “இது இன்னா மாமா?” என்றான். நூறு பங்கில் 20 பங்கு எத்தனால், கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுப்பது. மீதி 80 பங்கு பெட்ரோல் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ இது ஃபில்மோர் காய்ச்சறதா?” என்று கேட்டான்.

ஏழு வயதுப் பிள்ளையின் அந்தக் கேள்விதான் என்னைப் பழைய படங்களை மறுபடி எடுத்துப் பார்க்கவைத்தது.

பள்ளிக்கூடத்துத் தமிழ்த் தேர்வில் ஒரு பாட்டைக் கொடுத்து, ‘நயம் பாராட்டுக’ என்பார்கள். மையக்கருத்து, எதுகை, மோனை, அணி என்று வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவோம். தேர்வெல்லாம் முடிந்து இத்தனை வருடம் ஆன பிறகும் அதிலிருந்து ஒரு பழக்கம் என்னிடம் தங்கிவிட்டது. ஒரு நல்ல படைப்பில் முக்கியமான சங்கதியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடுகிற பழக்கம். சங்கப் பாட்டில் அது பெரும்பாலும் தோழியின் நேர்ப்பேச்சில் இருக்காது. அவள் சும்மா காட்டிவிட்டுப் போகிற வயலில், ஆம்பலை மேயும் எருமையிடமோ மீனுக்குக் காத்திருக்கும் நாரையிடமோ இருக்கும். உள்ளுறை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மாற்று எரிபொருளைப் பற்றிக் குழந்தைகளிடம் பேசிய அனிமேஷன் படங்களில் சிறந்தவற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால், அவையும் சொல்ல வந்ததை வசனத்தில் வைக்காமல் டேங்க்குக்குள் வைத்திருப்பது தெரிகிறது.

முதலில் ஃபில்மோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2006இல் ஜான் லாசட்டர் இயக்கிய பிக்சார் படம் ‘கார்ஸ்’. மனிதர்களே இல்லாமல் வண்டிகள் மட்டும் வாழ்கிற உலகம் அது. ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஃப்ளோ நடத்தும் கடைதான் பெட்ரோல் பங்க், அதுவே சாப்பாட்டுக் கடையும். வி8 எஞ்சினின் வடிவில் கட்டிய அந்தக் கடையில் ஊரே கூடி எண்ணெய் குடிக்கும். அதே ஊரில் ஒரு குமிழிக் குடிசையில் தானே இயற்கை எரிபொருள் காய்ச்சி விற்கிறவர் ஃபில்மோர். 1960ஆம் வருடத்து ஃபோக்ஸ்வேகன் வேன். உடம்பெல்லாம் பூவும் வண்ணமுமாக இருப்பார். அவர் பதிவெண் 51237. அவருக்குக் குரல் கொடுத்த ஜார்ஜ் கார்லின் பிறந்தது 1937 மே 12. இதை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் அங்கே எழுதிவைத்த கையை நாம் நம்பலாம். இவ்வளவு சின்ன இடத்தில் மெனக்கெட்டவர்கள் பெரிய இடத்தில் ஏனோதானோவென்று இருக்க மாட்டார்கள்.

ஃபில்மோரின் பக்கத்து வீடு சார்ஜ் என்கிற ராணுவ ஜீப். காலையில் சார்ஜ் கொடியேற்றி, பியூகிள் ஊதவைத்து விறைப்பாக நிற்பார். அந்த நேரத்துக்குச் சரியாக இந்தப் பக்கத்துக் குடிசையிலிருந்து ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிதாரில் வாசித்த அமெரிக்க தேசிய கீதம் அலறும். சண்டை ஆரம்பமாகும். முதல் படத்தில் இது வெறும் அண்டை வீட்டுத் தகராறு, குழந்தைகள் சிரிப்பதற்கான இடம். ஆனால் இங்கேதான் விதை போட்டிருக்கிறார்கள். முளைப்பதற்கு ஐந்து வருடம் ஆகிறது.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஃபில்மோர் அந்நியராகத் தோன்ற மாட்டார். 1969இல் பாரிசிலிருந்து ஒரு குழு தரை வழியாகவே வண்டிகளில் கிளம்பி ஆரோவில் வந்து சேர்ந்தது. அன்றைக்கு வெறும் செம்மண் பொட்டலாகக் கிடந்த இடத்தில் மரம் வைத்து, காற்றாடி நிறுத்தி, வெயிலில் சமைத்துப் பார்த்தவர்கள் அவர்கள் வழி வந்தவர்கள். தாடியும் பழைய வண்டியும் தாமே செய்த ஏதோ ஒரு கருவியுமாகக் கோட்டக்குப்பம் வழியே ஊருக்குள் வரும் முகங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஃபில்மோர் தெரிந்த மனிதர்தான்.

2011இல் ‘கார்ஸ் 2’ வந்தது. பிக்சார் படங்களில் விமர்சகர்கள் அதிகம் குறை சொன்ன படங்களில் இதுவும் ஒன்று. ஒற்றர் கதையும் பந்தயக் கதையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடுவது உண்மைதான். இருந்தும் எரிபொருள் என்ற ஓர் இழையை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால், நெசவு நேர்த்தியாக இருக்கிறது.

சர் மைல்ஸ் ஆக்சில்ராட் என்பவர் முன்னாள் எண்ணெய்ச் செல்வந்தர். உலகத்தைச் சுற்றக் கிளம்பி, வழியில் எரிபொருள் தீர்ந்து தவித்தபோது மனம் மாறியதாகத் தன் கதையைச் சொல்கிறார். இப்போது தான் மின்சாரத்தில் ஓடுவதாகவும் சொல்கிறார். ‘அலினால்’ என்று ஒரு பசுமை எரிபொருளை அறிமுகப்படுத்துகிறார். அதைப் பிரபலமாக்க டோக்கியோ, இத்தாலி, லண்டன் என்று மூன்று இடங்களில் பந்தயம். திரும்பிய பக்கமெல்லாம் அலினால் பதாகை. கதாநாயகன் மின்னல் மெக்வீனின் நண்பன் மேட்டர், துருப்பிடித்த இழுவை வண்டி. டோக்கியோ விருந்தில், பளபளவென்ற தரையில், ஆக்சில்ராட் அருகே இருக்கும்போது கீழே கொஞ்சம் எண்ணெய் சிந்திக் கிடக்கிறது. எல்லாரும் மேட்டரைப் பார்க்கிறார்கள். பழைய வண்டி, அழுக்கு வண்டி, அவனைத் தவிர யாருக்கு ஒழுகும்? மெக்வீனே கூனிக்குறுகி நண்பனைக் கடிந்துகொள்கிறான். குழந்தைகள் சிரிக்கிறார்கள், காட்சி நகர்ந்துவிடுகிறது.

படத்தின் மொத்த ரகசியமும் அந்த எண்ணெய்த் துளியில் இருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் வண்டிக்கு எண்ணெய் ஒழுகாது. ஒழுகியது ஆக்சில்ராடுக்கு. பெரிய எண்ணெய் வயல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மாற்று எரிபொருளே ஆபத்து என்று உலகத்தை நம்பவைப்பதற்காகத்தான் அலினாலை உண்டாக்கியிருக்கிறார். தொலைக்காட்சி கேமரா போல உருமாற்றிய கருவியால் அலைகளைப் பாய்ச்சினால் அலினால் ஊற்றிய எஞ்சின் வெடிக்கும். உலகம் பயந்து பழைய எண்ணெய்க்கே ஓடிவரும். இத்தனை பெரிய சதிக்கும் சாட்சி ஒரு சொட்டு. பேச்சில் பசுமை, தரையில் கருமை. முரண் அணிக்கு இதைவிட நல்ல காட்சி உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொட்டைப் பெரிதாக்கிக் காட்டாமல், அடியில் இசை போட்டு அழுத்தாமல், சிரிப்போடு சிரிப்பாக விட்டுவிட்டுப் போனதுதான் கைத்தேர்ச்சி.

உண்மையைக் கண்டுபிடிக்கும் விதமும் அழகு. மேட்டர்மீது வில்லன் ஆட்கள் வைத்த வெடிகுண்டைப் பூட்டியிருக்கும் போல்ட்டும், வில்லனின் எஞ்சின் படத்தில் தெரியும் போல்ட்டும் ஒரே ரகம் என்று மேட்டருக்குப் புரிகிறது. விட்வொர்த் என்கிற பழைய பிரிட்டிஷ் மரை, கழற்றவே சிரமப்படுத்தும். படித்த ஒற்றர்கள் விட்டதை ஒரு மெக்கானிக் பிடித்துவிடுகிறான். தெரு முனையில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர், நட்டைத் தடவிப் பார்த்தே எந்த நம்பர் ஸ்பேனர் என்று பையனிடம் கேட்டு வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது நம்பும்படியான அறிவு. சூழலைப் பற்றிய அறிவும் அப்படித்தான் வரும். கை அழுக்கானவனுக்குத்தான் எது எங்கே ஒழுகுகிறது என்று தெரியும்.

இனி அந்த விதை முளைத்த இடம். லண்டனில் மெக்வீன்மீது கதிர் பாய்கிறது; அவன் வெடிக்கவில்லை. ஏன்? டேங்க்கில் இருந்தது அலினால் இல்லை. போட்டிக்கு முன்பே யாரோ அதை எடுத்துவிட்டு, ஃபில்மோர் காய்ச்சிய எரிபொருளை ஊற்றியிருக்கிறார்கள். செய்தது ஃபில்மோர் என்றுதானே நினைப்போம்? செய்தவர் சார்ஜ். தினமும் காலையில் சண்டை பிடிக்கும் அந்த ராணுவ ஜீப்! ஆக்சில்ராட்மீது அவருக்கு முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சியதில் நம்பிக்கை இருந்தது. அதைச் சொல்லி முடிக்கும்போது ஃபில்மோரைப் போலவே ‘மேன்’ போட்டுப் பேசுகிறார் சார்ஜ். பதிலுக்கு ஃபில்மோர் அவரை மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறவர் என்று செல்லமாகச் சீண்டுகிறார். இரண்டே வாய்ச்சொல்லில் இரண்டு படத்துச் சண்டையும் கரைந்துவிடுகிறது. மாற்று எரிபொருள் என்பது ஒரு கட்சியின் சொத்து இல்லை, விறைப்பாக நிற்பவருக்கும் தளர்வாக வாழ்பவருக்கும் பொதுவானது என்று பிரசங்கம் செய்யாமலே சொல்லிவிட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பந்தயம் முழுவதும் ஒருவருக்கும் எரிபொருள் மாறியது தெரியவில்லை என்பது. ஓட்டம் குறையவில்லை, சத்தம் மாறவில்லை. மெக்வீனுக்கே தெரியாது. இதை நினைக்கும்போதெல்லாம் 1900ஆம் வருடத்துப் பாரிஸ் கண்காட்சி ஞாபகம் வருகிறது. அங்கே ஒரு சின்ன டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தது. கனிம எண்ணெய்க்காகச் செய்த எஞ்சின், எந்த மாற்றமும் செய்யாமல் தாவர எண்ணெயில் ஓடியது. அது அவ்வளவு சீராக ஓடியதால், பார்த்தவர்களில் வெகு சிலருக்குத்தான் விஷயமே தெரிந்தது என்று ருடால்ஃப் டீசல் 1912இல் நினைவுகூர்ந்தார். குடியேற்ற நாடுகளில் விளையும் கடலையிலிருந்தே அங்கங்கே விசை கிடைக்குமா என்று பிரெஞ்சு அரசு யோசித்ததன் விளைவு அந்தச் சோதனை.

கடலை என்றால் புதுச்சேரிக்கு அது தன் சொந்தக் கதை. எங்கள் பக்கத்தில் அதை மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து வந்த பேர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் விளைந்த மல்லாட்டை மூட்டை மூட்டையாக இந்தக் கரைக்கு வந்தது. படகில் ஏற்றி, ஆழத்தில் நங்கூரமிட்டு நின்ற கப்பலில் சேர்த்தார்கள். மார்செய் துறைமுகத்து ஆலைகளில் அது எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. இன்றைக்குக் கடற்கரையில் மணலில் வறுத்துப் பொட்டலம் கட்டி விற்கிறார்களே, அதே பண்டம்தான் பாரிசில் ஒரு எஞ்சினைச் சத்தமில்லாமல் ஓட்டியது. ஃபில்மோர் 111 வருடம் கழித்துச் செய்ததை மல்லாட்டை முன்பே செய்துவிட்டது.

ஆக்சில்ராடின் பெயரையும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். அது அச்சுத்தண்டு என்று பொருள் தரும் பெயர். அச்சு என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு 475ஆவது குறள் நினைவுக்கு வரும். ஏற்றுவது மயிலிறகே ஆனாலும், அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறார் வள்ளுவர். வண்டியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே நிறுத்திக்கொள்கிறார். பிறிதுமொழிதல் அணிக்கு இதைத்தான் நாம் உதாரணமாகப் படித்தோம். பூமியின்மேல் நாம் ஏற்றிக்கொண்டே போகும் புகையும் ஒவ்வொரு இறகாகத்தான் ஏறியது. ஒரு ஸ்கூட்டர், ஒரு டேங்க், எல்லை தாண்டும் முன் இன்னும் ஒரு லிட்டர். எடை தெரியாமல் ஏறியது இது. இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரு குறளும் ஒரு கார்ட்டூனும் ஒரே உறுப்பைப் பிடித்துக்கொண்டு பேசுவது தற்செயல்தான். ஆனாலும் கைவிட மனம் வராத தற்செயல்.

‘கார்ஸ் 2’க்குப் பத்து வருடம் முன்னதாக, 2001இல், பீட் டாக்டர் இயக்கிய ‘மான்ஸ்டர்ஸ், இன்க்.’ இதே வேலையை இன்னும் நுட்பமாகச் செய்தது. அரக்கர்கள் வாழும் நகரம் குழந்தைகளின் அலறலில் இயங்குகிறது. இரவில் கதவு வழியாகப் போய்ப் பயமுறுத்தி, அலறலை மஞ்சள் உருளைகளில் பிடித்து வந்தால்தான் ஊரில் விளக்கு எரியும். இப்போதைய குழந்தைகள் எளிதில் பயப்படுவதில்லை என்பதால் தட்டுப்பாடு. படத்தின் ஆரம்பத்தில் மைக் என்ற அரக்கன் தன் புது வண்டியில் வேலைக்குப் போகலாம் என்று ஆசையாகக் கிளம்புகிறான். அவன் நண்பன் சல்லி விடுவதில்லை. தட்டுப்பாட்டு நேரம், நடந்தே போவோம் என்று அழைத்துப் போகிறான். இருவரும் பேசிக்கொண்டே நடக்கிறார்கள்; அந்த நடையில்தான் தெருவும் கடையும் அக்கம்பக்கமும் நமக்கு அறிமுகமாகின்றன. ஊரை அறிமுகம் செய்ய வேண்டிய கதைத் தேவையை, எரிபொருள் சிக்கனம் என்ற காரணத்தோடு ஒரே நூலில் கோத்துவிட்டார்கள்.

பூ என்ற சின்னக் குழந்தை தவறிப்போய் அந்த உலகத்துக்குள் வந்துவிடுகிறாள். மைக் எதிலோ சிக்கி அடிபடுவதைப் பார்த்துக் கலகலவென்று சிரிக்கிறாள். அந்த நொடியில் கட்டடத்து விளக்கெல்லாம் பளீரென்று ஏறி, பிறகு அணைந்துவிடுகின்றன. அந்தக் காட்சியில் அது ஒரு விபத்து, மறைந்திருப்பவர்களைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கும் ஆபத்து. பின்னால் துரத்தலில், ஆயிரக்கணக்கான கதவுகள் தொங்கும் கிடங்கில், மைக் தன்னைத்தானே அடித்துக்கொண்டு அவளைச் சிரிக்கவைக்க, எல்லாக் கதவுகளுக்கும் விசை வருகிறது. கடைசியில்தான் அது கொள்கையாகிறது: அலறலைவிடச் சிரிப்புக்குப் பத்து மடங்கு சக்தி. முதலில் விபத்து, அப்புறம் உபாயம், பிறகு வாழ்க்கை முறை. ஒரு புதிய எரிபொருள் உலகத்துக்குள் வருகிற வரலாற்றுப் படிகளே இவைதாம்.

இதிலும் டீசல் எஞ்சினின் கதைதான். சிரிப்புக்கு மாறிய பிறகும் அதே தொழிற்சாலை, அதே கதவு, அதே மஞ்சள் உருளை. வேலை செய்தவர்களும் அவர்களே. பயமுறுத்தியவர்கள் இப்போது வேடிக்கை காட்டுகிறார்கள். உருளைக்குள் போவது மட்டும் மாறியிருக்கிறது. எரிபொருள் மாற்றம் என்றதும் தொழிலாளி வீட்டில் எழும் முதல் பயம் வேலை போய்விடுமே என்பதுதான். அந்தப் பயத்துக்குப் படம் காட்டும் பதில் இது. இன்னொரு நுட்பமும் உண்டு. அலறலைக் குழந்தையிடமிருந்து பறிக்க வேண்டும்; சிரிப்பு அவளாகத் தருவது. ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடு, யாருடைய வலியிலிருந்து வருகிறது என்ற கேள்வியையும் ஐந்து வயதுக்குப் புரியும்படி வைத்துவிட்டார்கள்.

2008இல் வந்த ஆண்ட்ரூ ஸ்டான்டனின் ‘வால்-ஈ’ படத்தில் பேச்சே குறைவு. குப்பை மூடிய பூமியில் தனியாக வேலை செய்யும் சின்ன இயந்திரம், காலையில் எழுந்ததும் தட்டுத் தடுமாறுகிறது. சக்தி இறங்கிக் கிடக்கிறது. வெளியே ஏறிப்போய், சூரியத் தகடுகளை விரித்து வெயில் வாங்குகிறது. அளவுக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைந்து, மாக் கணினி திறக்கும்போது வருமே, அந்த மணியோசை ஒலிக்கிறது. அவ்வளவுதான். சூரிய சக்தியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நாம் காப்பி குடிப்பதுபோல அது வெயில் குடிக்கிறது. இந்தச் சின்ன வழக்கத்தைப் படத்தின் இறுதியில் உயிர்ப்பிச்சையாக்குகிறார்கள். நசுங்கிக் கிடக்கும் வால்-ஈயை அதன் தோழியான ஈவ் என்ற இயந்திரம் பூமிக்குக் கொண்டுவந்து, உறுப்புகளை மாற்றி, கூரையைப் பிளந்து வெயிலை உள்ளே விடுகிறது. காலைப் பழக்கமாகப் பார்த்ததுதான். ஆனால் இந்த முறை நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. முதலில் சாதாரணமாகக் காட்டியதால்தான் கடைசியில் அது அசாதாரணமாகிறது.

ஊருக்கு வடக்கே ஆரோவில் சூரிய சமையற்கூடத்தின் கூரையிலும் அப்படி ஒரு வாய் திறந்திருக்கிறது. 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம், உட்புறமெல்லாம் கண்ணாடித் துண்டுகள். கிண்ணம் அசையாது, நடுவில் உள்ள கை மட்டும் சூரியனுக்கு ஏற்ப நகர்ந்து, குவியும் வெப்பத்தை வாங்கி, அடுப்படிக்கு நீராவி அனுப்பும். மேகம் மூடினால் டீசல் கொதிகலன் கைகொடுக்கும். தங்கை மகனை ஒருமுறை அழைத்துப்போனபோது, அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் முன்பே தெரிந்தவன்போலத் தலையாட்டினான். வால்-ஈ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

நயம் சொல்கிறவன் குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஃபில்மோர் எதைக் காய்ச்சுகிறார், அது விளைய எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று படம் கேட்பதில்லை. எத்தனால் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்த ஆற்றல் தருவது. கரும்பு ஆழ்துளைக் கிணற்றைத் தேடும் பயிர். சாப்பாட்டுக்கான தானியம் டேங்க்குக்குப் போவதா என்ற கேள்வியும் நியாயமானது. தவிர, மூன்று நாட்டு ரசிகர்களைப் பந்தயத்தில் மயக்கிவிட்டு எரிபொருளைப் பற்றிப் பேசும் படம், வண்டியையே கொஞ்சம் நிறுத்திவைக்கலாமே என்று சொல்வதில்லை. அந்த ஒன்றைச் சல்லிதான் சொன்னான். அதுவும் தெருவில் நடந்துகொண்டே. அதனால் அன்றைக்குப் பங்க்கில் கேட்ட கேள்விக்கு நான் கடைசியில் சொன்ன பதில்: “அஞ்சுல ஒரு பங்கு ஃபில்மோர்டா.” அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குத் தடுப்பு போட்டுவிடுவார்கள். மறுநாள் காலை 7.30 வரை வண்டி கிடையாது. இந்த ஊரில் எனக்குப் பிடித்த சுற்றுச்சூழல் வாசகம் அந்தத் தடுப்புதான். அதில் ஒரு வாசகமும் எழுதியிருக்காது. அது நிற்கும்வரை அலை கேட்கும், செருப்புச் சத்தம் கேட்கும், வேர்க்கடலைக்காரர் சட்டியைத் தட்டுவது கேட்கும்.

போன வாரம் விடியற்காலையில் அவனோடு போயிருந்தேன். காந்தி சிலைக்கு எதிரே சூரியன் கடலிலிருந்து எழும்பியது. அவன் பாறைமேல் ஏறி நின்று, தூக்கக் கலக்கம் தெளியாத முகத்தோடு இரண்டு கைகளையும் கிழக்கே விரித்தான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு தொண்டைக்குள்ளேயே அந்த மணியோசையை எழுப்பிவிட்டு இறங்கி வந்தான்.

ஏழரைக்குத் தடுப்பை நகர்த்தினார்கள். முதல் பைக் உறுமிக்கொண்டு உள்ளே நுழைந்தது. முத்தியால்பேட்டைக்கு டெம்போ பிடிக்க நான் திரும்பினேன். அவன் என் கையைப் பிடித்து மறுபக்கம் இழுத்தான்.

“நடந்தே போலாம் மாமா.”